புகழ்நூலும் பதிவேடும்: புதுச்சேரியில் முன்னோரைத் தேடுதல்

1752ஆம் ஆண்டு சீனிவாச கவி என்ற வடமொழிப் புலவர் 'ஆனந்தரங்க விஜய சம்பு' என்னும் காவியத்தை இயற்றினார். பாட்டுடைத் தலைவர் புதுச்சேரியின் தலைமைத் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை. உரைநடையும் செய்யுளும் கலந்த அந்த நூலில் பிள்ளையின் முன்னோர் வரிசையும் இடம்பெறுகிறது. தமிழில் தியாகராய தேசிகர் அவர்மீது 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். தெலுங்கில் கஸ்தூரி ரங்ககவி எழுதிய யாப்பு நூலும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. இப்படி மூன்று மொழிப் புலவர்கள் பிள்ளையின் குலத்தைப் போற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், பிள்ளை தம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பேரேடு போன்ற கட்டுக்களில் அன்றாடச் சேதிகளை எழுதி வந்தார். கப்பல் வந்தது, கவர்னர் கோபித்துக்கொண்டது, யாருக்குக் கல்யாணம், யார் இறந்தார்கள், யார் வீட்டில் பங்காளிச் சண்டை என்று எல்லாம் அதில் உண்டு. 1736 செப்டம்பரில் தொடங்கிய அந்தக் குறிப்பு 1761 சனவரி வரை, ஏறக்குறைய அவருடைய கடைசி மூச்சு வரை, ஓடுகிறது.

ஒரே குடும்பத்தைப் பற்றி இரண்டு வகை எழுத்து. முன்னோரைத் தேடப் புறப்படுகிறவர் எதை நம்புவது? புதுச்சேரியில் இந்தக் கேள்வி ஏட்டறிஞர்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. பாட்டன் யார், அவர் எந்த ஊர்ப் பதிவேட்டில் எந்தப் பெயரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துக் குடியுரிமையும் சொத்தும் ஓய்வூதியமும் முடிவாகும் ஊர் இது. முன்னோரைத் தேடும் கலை இங்கே சரியாகக் கற்பிக்கப்படவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதே சிக்கலை அமெரிக்கர்கள் நமக்கு முன்பே பெரிய அளவில் சந்தித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துக் குடும்பங்கள் பலவும் தங்கள் வரலாற்றைச் சொந்தச் செலவில் தடித்த நூல்களாக அச்சிட்டன. பாஸ்டனில் 1845இல் குலவரலாற்றுக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. ஜேம்ஸ் சாவேஜ் 1860க்கும் 1862க்கும் இடையில் முதல் குடியேறிகளின் அகராதியை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். இந்த உழைப்பு பெரிது. ஆனால் தேவை பெருகியதும் வியாபாரமும் புகுந்தது. சுவீடனில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய குஸ்தாவ் அஞ்சூ என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குப் பெரும் விலைக்கு வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். உண்மையான பதிவேடுகளின் பெயர்களுக்கு நடுவே இல்லாத உயில்களையும் இல்லாத திருமணங்களையும் செருகினார். அவர் 1942இல் இறந்துவிட்டார். அவர் செய்த வம்சாவளிகள் இன்னும் நூலகங்களில் இருக்கின்றன, விவரம் அறியாதவர்கள் அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். டொனால்டு லைன்ஸ் ஜேக்கபஸ் போன்ற இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் ஒரு கண்டிப்பான வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அச்சிட்ட குடும்ப நூலில் உள்ள ஒவ்வொரு பிறப்பையும் திருமணத்தையும் அது நடந்த காலத்து ஆவணத்தோடு ஒத்துப்பார்க்கவேண்டும். ஒத்துவராததை எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளவேண்டும்.

கடல் தாண்டி மூன்று சகோதரர்கள் வந்தார்கள், ஒருவர் வடக்கே போனார், ஒருவர் தெற்கே போனார், ஒருவர் இங்கேயே தங்கினார் என்ற கதை அமெரிக்கக் குடும்ப நூல்களில் திரும்பத் திரும்ப வரும். நம் ஊரில் அண்ணன் தம்பி ஏழு பேர் ஆற்றைக் கடந்து வந்த கதை இல்லாத குலம் எது? இத்தகைய கதையைப் பொய் என்று ஒதுக்க நான் சொல்லமாட்டேன். ஒரு குடும்பம் எந்தத் திசையிலிருந்து வந்ததாகத் தன்னை நினைத்துக்கொள்கிறது என்பதற்கு அது சாட்சி. யாருக்கு யார் மகன் என்பதற்கு அதைச் சாட்சியாக வைக்கக்கூடாது.

ஆனந்தரங்கர் குடும்பத்தில் இந்த ஒத்துப்பார்க்கும் வேலையைச் செய்ய வாய்ப்பு இருப்பது தமிழகத்தில் அரிதான பேறு. அவர் 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை. தந்தையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர். அவர் வழியாகத்தான் குடும்பம் புதுச்சேரிக்கு வந்தது. தம்பி பெயரும் திருவேங்கடம். தம்பியின் மகன் ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை; பெரியப்பாவுக்குப் பிறகு நாட்குறிப்பைத் தொடர்ந்தவர் இவர். அடுத்த தலைமுறையில் முத்து விஜய திருவேங்கடம் பிள்ளையும் நாட்குறிப்பு எழுதினார். ஒரே வீட்டில் எத்தனை திருவேங்கடம் என்று பாருங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உள்ள சமூகத்தில் பெயர் மட்டும் கிடைத்தால் போதாது. தகப்பன் பெயர், ஆண்டு, தெரு, தொழில் இவற்றில் குறைந்தது இரண்டாவது கூடவே கிடைத்தால்தான் ஆளை அடையாளம் காணலாம்.

இந்த நாட்குறிப்பு பிழைத்ததே பெரிய காரியம். 1761 சனவரியில், பிள்ளை கண்மூடிய சில நாட்களுக்குள், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவர்கள் நகரைத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை, மாளிகைகள், அலுவலகங்கள் எல்லாம் இடிந்தன. குடும்பங்கள் திசைக்கொன்றாகச் சிதறின. ஏறக்குறைய 85 ஆண்டுகள் கழித்து, 1846இல், கல்லுவா மோன்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி பிள்ளையின் சந்ததியார் வீட்டில் இந்தக் கட்டுக்களைக் கண்டார். அதன் நகல் ஒன்று அரியேல் என்பவர் மூலம் பாரிசுக்குப் போனது. சென்னை அரசு எடுப்பித்த நகலிலிருந்து 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. முதலில் பிரைசும் ரங்காச்சாரியும், பிறகு டாட்வெல்லும் பதிப்பித்தார்கள். தமிழ் மூலம் 1948 முதல்தான் புதுச்சேரியில் தொகுதி தொகுதியாக அச்சேறியது. தமிழில் எழுதியதைத் தமிழர் படிக்க ஆங்கிலேயரைவிட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

நாட்குறிப்பைக் குலவரலாற்றுக்குப் பயன்படுத்துகிறவர் பிள்ளையின் குடும்பத்தைத் தேடுவதோடு நிற்கக்கூடாது. அதன் பெரிய பயன் அடுத்த வீட்டைப் பற்றி அது சொல்வதில் இருக்கிறது. கனகராய முதலியார் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். இவர்களின் மூத்தவர் தானப்ப முதலியார், பூந்தமல்லியிலிருந்து கவர்னர் பிரான்சுவா மர்த்தேன் காலத்தில் புதுச்சேரிக்கு வந்து கம்பெனித் தரகர் ஆனவர். கிறிஸ்தவர், ஞானஸ்நானப் பெயர் லாசர். கனகராயரின் ஞானஸ்நானப் பெயர் பெத்ரோ. கனகராயரின் ஒரே மகன் வேலவேந்திரன் இளம் வயதில் இறந்துபோனார். மகன் நினைவாக 1745இல் உழவர்கரையில் புனித அந்திரேயாவுக்குக் கோயில் எழுப்பி, நவம்பர் கடைசியில் திருவிழா எடுத்து ஊரையே கூட்டி விருந்து வைத்தார். பிள்ளை அந்த விருந்துக்குப் போனார். யார் யாருக்கு எங்கே சமையல், யார் சமைத்தார்கள், கோயிலில் நடப்பதும் பந்தியில் நடப்பதும் எப்படிப் பொருந்தவில்லை என்று விமர்சனத்தோடு எழுதி வைத்தார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கனகராயர் இறந்தார். நேர் வாரிசு இல்லாத பெரும் சொத்து. விதவை நட்சத்திரம் ஒரு பக்கம், இறந்த மகனின் விதவை ஒரு பக்கம், மூத்தவர் பெயரையே தாங்கிய தம்பி தானப்ப முதலியார் எதிர்ப்பக்கம். கவர்னர் துய்ப்ளேக்சு சாதித் தலைவர்களிடமும் வணிகர்களிடமும் கருத்துக் கேட்டார். வாரிசு உரிமை தம்பிக்கு என்றும் விதவைகளுக்குப் பராமரிப்பு என்றும் முடிவாயிற்று. இந்த வழக்கு நடக்கிற பக்கங்களில் அந்தக் குடும்பத்துப் பெண்கள் பெயரோடும் உறவோடும் உரிமையோடும் வருகிறார்கள். எந்தப் புகழ்நூலிலும் அவர்களுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது. கனகராயருக்கும் ஆனந்தரங்கருக்கும் இடையே தலைமைப் பதவிக்கான போட்டி இருந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும். போட்டியாளர் சொல்லும் குணக்குறைகளைச் சற்றுத் தள்ளி நின்று படிக்கலாம். ஆனால் யார் யாருக்குத் தம்பி, யார் யாருக்கு மருமகள் என்பதில் பொய் சொல்ல அவருக்குக் காரணமே இல்லை. ஊரே அறிந்த செய்தி அது. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது: குலப்பெருமை பேச எழுதாத ஆவணம்தான் குலத்தைப் பற்றிப் பெரும்பாலும் நேராகப் பேசுகிறது. பாகப்பிரிவினை வழக்கு, கடன் பத்திரம், ஞானஸ்நானப் பதிவு, கப்பல் பட்டியல் இவற்றை எழுதியவனுக்கு வேறு கவலை இருந்தது. உறவுமுறை போகிறபோக்கில் விழுந்தது.

அந்த வகையில் சாவடித் தீர்ப்புகளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று வியக்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் உள்ளூர் மக்களின் வழக்குகளை விசாரிக்க வைத்திருந்த நீதிமன்றம் சாவடி. 1766 முதல் 1817 வரையிலான அதன் தீர்ப்புகளை ழான் குளோத் பொன்னான் தொகுக்க, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. தத்து எடுத்தது செல்லுமா, மூத்தாள் பிள்ளைக்கு எவ்வளவு, இளையாள் பிள்ளைக்கு எவ்வளவு, சீதன நகை யாரிடம் போயிற்று என்று வரும் வழக்குகளில் மூன்று நான்கு தலைமுறை உறவு சர்வசாதாரணமாக விரிகிறது. இதற்கு முந்தைய தலைமுறையில் நீதிபதி ஞானு தியாகு உயர் மன்றத் தீர்ப்புகளைத் தொகுதிகளாக வெளியிட்டார். இந்த நூல்கள் பிரெஞ்சில் இருப்பதால்தான் தமிழ்க் குடும்பங்கள் அவற்றை எட்டிப்பார்ப்பதில்லை.

பதிவேடுகளுக்கு வருவோம். கப்புச்சின் துறவிகள் புதுச்சேரியில் 1676 முதலே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்தார்கள். ஊர்க்காரர்கள் இன்றும் கப்ஸ் கோயில் என்று சொல்வது அவர்கள் நினைவில்தான். கவர்னர் அல்பிரெட் மர்த்தினோ 1911இல் பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினார். அந்தக் கழகம் இந்தப் பதிவுகளின் சுருக்கத்தை 1917 முதல் நூல்களாக அச்சிட்டது. அமெரிக்காவின் குடும்ப நூல்களுக்கு இணையாக நம்மிடம் உள்ள அச்சு நூல் என்றால் இதைத்தான் சொல்வேன். துய்ப்ளேக்சின் மனைவி ழான் 1706இல் இங்கே பிறந்தவர். தந்தை பிரெஞ்சு மருத்துவர் அல்பேர், தாய் எலிசபெத் ரோசா தெ காஸ்திரோ போர்த்துக்கீசிய வழி வந்த இந்தியக் கலப்புக் குடும்பம். அவருடைய முதல் திருமணம், பிள்ளைகள், இரண்டாம் திருமணம் எல்லாவற்றையும் இத்தகைய பதிவுகள்மூலம்தான் வரிசைப்படுத்த முடிகிறது. ஆனால் மர்த்தினோவின் சுருக்கம் பெரும்பாலும் ஐரோப்பியரையும் தொப்பிக்காரர் எனப்பட்ட கலப்பினத்தாரையும் பற்றியது. தமிழ்க் கிறிஸ்தவர்களைத் தேட ஆலயப் பதிவேடுகளுக்கே போகவேண்டும்.

ஏடு அழிந்தாலும் விவரம் அழியாமல் இருந்ததற்கு ஓர் அரச ஆணை காரணம். 1776 சூன் மாதம் பதினாறாம் லூயி, குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளில் ஒரு படியை வெர்சாய்க்கு அனுப்பவேண்டும் என்று கட்டளையிட்டார். அந்த வைப்பகத்தின் வாரிசு இன்று எக்சு ஆன் பிரொவான்சு நகரில் இருக்கும் கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம். பழைய பதிவேடுகளின் படங்களை அது இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. இலாசுப்பேட்டை சீவானந்தபுரத்தில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக்காப்பகத்தின் கிளையிலும் பிரெஞ்சுக் கால ஆவணங்கள் இருக்கின்றன.

இந்துக்களும் முஸ்லிம்களும் இந்தப் பதிவு வலைக்குள் முழுமையாக வருவது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1880 ஏப்ரல் 24ஆம் தேதி ஆணை, பிரெஞ்சுச் சட்டத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு விதிகளை உள்ளூர் மக்களுக்கும் விரித்தது. எத்தா சிவில் என்று வயதானவர்கள் சொல்வார்கள். ஒரு பிறப்புப் பதிவில் என்ன இருக்கும்? ஆண்டும் நாளும் மணியும் எழுத்தில், அறிவிக்க வந்தவர் பெயர், அவருடைய தகப்பன் பெயர், வயது, தொழில், குடியிருப்பு, தாயின் பெயர், சாட்சிகள், அடியில் கையெழுத்து, பல சமயம் தமிழிலேயே. ஓரத்தில் பிற்காலத்துக் குறிப்புகள்: திருமணம், சட்டநிலைத் துறப்பு (இதைப் பின்னால் சொல்கிறேன்), தீர்ப்பினால் வந்த திருத்தம். அந்த ஓரத்தைப் படிக்காமல் நகல் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பாதி விவரத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை தயாரித்த பெயர் அட்டவணை வேலையைச் சுலபமாக்கும். ஆனால் பெயர்கள் பிரெஞ்சு ஒலிப்படி எழுதப்பட்டவை. சுப்பிரமணியனை 'b' எழுத்துக்குப் பதில் 'p' எழுத்தோடு தேடவேண்டும், உகரம் வருமிடத்தில் 'ou' என்ற இரட்டை உயிரெழுத்து நிற்கும். ஒரே ஆளின் பெயரை ஒரே குமாஸ்தா இரண்டு விதமாக எழுதிய இடங்களும் உண்டு. ஆகவே எழுத்தைப் பார்த்துத் தேடாமல், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தேடுவது நல்லது.

பெயர் மாறுவது புதுச்சேரித் தேடலின் மிகக் கடினமான முடிச்சு. நைனியப்ப பிள்ளை 1716இல் கைதாகி, 1717இல் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்ப பிள்ளை நீதி கேட்டுப் பிரான்சுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று சார்ல் பிலிப் லூயி ஆனார், புனித மிக்கேல் வீரர் பட்டம் பெற்றார், திரும்பி வந்து தலைமைத் தரகராக இருந்து 1724இல் இறந்தார். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அப்பனும் மகனும் ஒரே குடும்பம் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. இது ஒரு பெரிய வீட்டுக் கதை. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைக்குப் பிறகு இதுவே ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்களின் கதையாயிற்று. உள்ளூர் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட விரும்பியவர் அப்படி அறிவிக்கலாம், கூடவே ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளவேண்டும். முடிவு திரும்பப்பெற முடியாதது; மனைவியையும் வயதுக்கு வராத பிள்ளைகளையும் அது கட்டும். காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக 1873இல் தடுக்கப்பட்டு, பாரிசு வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாப்போர்த் என்ற பெயரை ஏற்றார். சாதிப் பட்டத்தை உதறிவிட்டு நிமிர்ந்து நிற்கப் பலர் இந்த வழியைத் தேர்ந்தார்கள், தாழ்த்தப்பட்டோர் அவர்களில் கணிசம். அந்தப் புதுப் பெயரைத் தாண்டி முன்னே போக ஒரே வாசல் துறப்பு அறிவிப்புதான். பழைய பெயரும் தகப்பன் பெயரும் அதில்தான் ஒன்றாக நிற்கும்.

காலம் இன்னொரு முடிச்சு. வீட்டு ஏட்டில் 'சித்தார்த்தி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1739ஆகவும் இருக்கலாம், 1799, 1859, 1919ஆகவும் இருக்கலாம். கிழமையும் திதியும் நட்சத்திரமும் சேர்ந்து கிடைத்தால் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் காலக்கணக்கு அட்டவணைகளைக் கொண்டு ஆண்டை உறுதி செய்யலாம். பழைய ஜாதக ஓலையைக் குப்பையில் போடாதீர்கள் என்று நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

புலவரும் இல்லை, நாட்குறிப்பும் இல்லை, வழக்குத் தொடுக்கச் சொத்தும் இல்லை என்றவர்களின் முன்னோரை எங்கே தேடுவது? பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களும் அடிமைகளும் மொரீசியசுக்குப் போனார்கள். அங்கே பதிவேட்டில் 'மலபார்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லா ஊரும் மறைந்துபோயிற்று. 1848இல் பிரான்சு அடிமைமுறையை ஒழித்த பிறகு புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ரெயூனியோனுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் ஏற்றப்பட்டார்கள். ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும் 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் கூலிகளை இறக்கியது. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள். அவர்களுக்கு அங்கே வரிசை எண் கொடுத்துப் பதிவேடு வைத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர். இவர்களைச் சரக்காகக் கணக்கிட வைத்த ஏடு, ஒரு நூற்றாண்டு கழித்து அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஊர் தேட உதவும் என்று அன்று எழுதியவன் எண்ணியிருக்கமாட்டான். குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், கூலிகளின் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று 1904 முதல் 1923 வரை போராடினார். இத்தகைய குடும்பங்களில் முன்னோரில் ஒருவரின் பெயர் அப்படியே குடும்பப் பெயராகி, இன்றும் அங்கே வழங்குகிறது. அந்தத் தீவிலிருந்து எழுதிக் கேட்கிறவர்களுக்குப் பதிவேட்டில் உள்ள ஊர்ப்பெயரை அடையாளம் காட்ட இங்கே ஆள் வேண்டும். பிரெஞ்சுக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரை விழுப்புரம், கடலூர், தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களோடு பொருத்த உள்ளூர்க்காரரால்தான் முடியும்.

புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தபோது, இந்தியக் குடியுரிமை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அப்படி எழுதிக்கொடுத்தார்கள். அந்த ஆறு மாதத்தில் யார் என்ன முடிவெடுத்தார் என்பதைப் பொறுத்து ஒரே குடும்பத்தின் கிளைகள் இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டோடு பிரிந்தன. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களின் ஆவணம் நாந்து நகரத்து அலுவலகத்திலிருந்து வரும். பிரெஞ்சுப் படையில் இருந்து 'சொல்தா' ஓய்வூதியம் வாங்கியவர் வீட்டுத் தகரப் பெட்டியில் இராணுவப் புத்தகம் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்தால்தான் வரிசை முழுமையாகும்.

மர்த்தினோ ஐரோப்பியருக்காகச் செய்த வேலை தமிழருக்காக இன்னும் செய்யப்படவில்லை. உழவர்கரை, வில்லியனூர், பாகூர், முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் ஆகியவற்றின் 1880க்குப் பிந்தைய பதிவேடுகளையும், துறப்பு அறிவிப்புகளையும், சாவடித் தீர்ப்புகளில் வரும் பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஓர் அட்டவணையாக்கவேண்டும். இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த முதியவர்கள் இப்போதும் பாண்டியில் இருக்கிறார்கள். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தையும் நம் தாத்தாக்களின் கையெழுத்தையும் ஒரே பக்கத்தில் வாசிக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். பல்கலைக்கழகமோ ஆவணக்காப்பகமோ ஆலயப் பங்கோ அவர்களை அழைத்து, ஒரு பதிவேட்டை அவர்கள் முன் வைத்து, பக்கத்தில் ஒரு மாணவரை உட்காரவைத்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.